த்ரஸ்ட் ரிவர்சர் வயரிங் ஏ.டி.: நன்றாக இருக்கும் கம்பியை ஏன் மாற்றுகிறோம்?

ஹார்னஸ்_செல்வம்

வணக்கம். பிசினஸ் ஜெட் பராமரிக்கும் ஒரு ஹேங்கரில் ஏவியானிக்ஸ் பிரிவில் இருக்கிறேன். இப்போது எங்களிடம் நிற்கும் நடுத்தர ஜெட் ஒன்றுக்கு த்ரஸ்ட் ரிவர்சர் (என்ஜின் காற்றை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் சாதனம்) வயரிங்கில் ஏ.டி. (ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ், அரசு அமைப்பின் கட்டாய உத்தரவு) படி மாற்றம் செய்ய வேண்டும். விமானத்தின் வகையையும் உரிமையாளரையும் இங்கே சொல்ல முடியாது. வேலை இதுதான்: என்ஜினைத் தாங்கும் பைலனிலிருந்து வால் பகுதிக்கு வரும் ஹார்னஸில் (கம்பிக் கட்டில்) சில கம்பிகளைப் பிரித்துத் தனிப் பாதையில் கொண்டு போக வேண்டும். இரண்டு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) கூடுதலாக வருகிறது. ஒரு கனெக்டரில் பின்களை இடம் மாற்ற வேண்டும். அப்புறம் முழு ஃபங்ஷனல் டெஸ்ட்.

நேற்று பேனலைத் திறந்ததும், பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி கேட்டான்: "அண்ணா, கம்பி புதுசு மாதிரி இருக்கே. இன்சுலேஷன் பார்க்கற மெக்கர் வச்சுப் பார்த்தாலும் பாஸ் ஆகும். இதை எதுக்குப் பிடுங்கறோம்?" வேலை அவசரத்தில் "ஏ.டி. சொல்லுது, செய்" என்று சொல்லிவிட்டேன். இரவு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பதில் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. அவன் கேட்டது நியாயமான கேள்வி. உரிமையாளர் தரப்பும் அதையே வேறு விதமாகக் கேட்கிறது: கெடு முடிய இன்னும் மாதக்கணக்கில் இருக்கும்போது இப்போதே ஏன் விமானத்தை நிறுத்த வேண்டும் என்று.

அந்தத் தம்பிக்கு ஒழுங்கான பதில் சொல்ல வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்.

வலது_இருக்கை_ரவி

செல்வம், நான் பைலட். எனக்கும் அந்தத் தம்பியின் கேள்விதான். ரிவர்சர் என்பது தரையிறங்கிய பிறகு வேகத்தைக் குறைக்க உதவும் ஒரு கூடுதல் சாதனம். காய்ந்த ரன்வேயில் தரையிறங்கும் தூரத்தைச் சான்றிதழுக்காகக் கணக்கிடும்போது ரிவர்சரைச் சேர்ப்பதே இல்லை, பிரேக்கையும் இறக்கையில் எழும் ஸ்பாய்லரையும் வைத்துத்தான் கணக்கு. அப்படியிருக்க, வயரிங்கில் சந்தேகம் என்றால் ரிவர்சர் திறக்காதபடி லாக் பின்னைப் போட்டு, சர்க்யூட் பிரேக்கரை இழுத்து, காக்பிட்டில் ஒரு பிளக்கார்டு ஒட்டிவிட்டுப் பறக்கலாமே. எம்.இ.எல். (எந்தச் சாதனம் வேலை செய்யாமல் பறக்கலாம் என்ற பட்டியல்) அதற்கு இடம் கொடுக்கிறது. ஹார்னஸைக் கலைத்தால் புதிதாக ஒரு தவறு நுழையவும் வாய்ப்பு இருக்கிறது. வாதத்துக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே எனக்கு இருக்கும் சந்தேகம் இது.

பழைய_ஹேங்கர்

தம்பி ரவி, கடைசி வரியில் சொன்னது சரி. அதைப் பிறகு பேசுவோம். முதலில் 1991-க்குப் போவோம். இந்தப் பேச்சு எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1991 மே 26. லாடா ஏர் 004, போயிங் 767, பாங்காக்கிலிருந்து வியன்னா. புறப்பட்டு ஆறு நிமிடம்கூட ஆகவில்லை, ரிவர்சரில் ஏதோ கோளாறு என்று சொல்லும் ஐசொலேஷன் விளக்கு எரிந்தது. பைலட்டுகள் கையேட்டை எடுத்துப் பார்த்தார்கள். செய்ய வேண்டியது எதுவும் இல்லை என்கிற மாதிரிதான் கையேடு இருந்தது. அவர்கள் எந்தத் தவறும் செய்யவில்லை. சுமார் பதினைந்தாவது நிமிடத்தில், ஏறிக்கொண்டிருக்கும்போதே இடது என்ஜினின் ரிவர்சர் திறந்துகொண்டது. தாய்லாந்தின் சுபான் புரி மாகாணக் காட்டில் விமானம் சிதறி விழுந்தது. 223 பேரில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

அதற்கு முன் எல்லோரும் நம்பியது என்ன? பறக்கும்போது ஒரு ரிவர்சர் திறந்தாலும் விமானத்தைக் கட்டுப்படுத்த முடியும் என்று. அந்தச் சோதனை குறைந்த வேகத்தில், என்ஜின் ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) இருக்கும்போது நடத்தப்பட்டது. விபத்துக்குப் பிறகு காற்றுச் சுரங்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அந்தப் பக்க இறக்கையின் தூக்குவிசை சுமார் 25 சதவீதம் போய்விடும் என்று தெரிந்தது. பைலட்டுக்குக் கிடைத்தது சில நொடிகள்.

அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டியது இனிமேல் வருவதுதான். ரிவர்சர் ஏன் திறந்தது என்று உறுதியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. ஃப்ளைட் டேட்டா ரெக்கார்டர் எரிந்து பயனற்றுப் போயிருந்தது. ஆனால் எப்படியெல்லாம் திறந்திருக்க முடியும் என்று தேடினார்கள். ஹைட்ராலிக் வால்வில் அழுக்குச் சேர்ந்திருக்கலாம், கம்பிக் கட்டில் ஷார்ட் ஆகியிருக்கலாம் என்று பல வழிகள் தெரிந்தன. இதில் எனக்கு இன்றும் நெஞ்சை அடைக்கும் ஒரு விஷயம் உண்டு. ரிவர்சர் கொஞ்சம் விலகினால் தானாகவே மூடிவிட ஆட்டோ ரீஸ்டோ என்று ஒரு வசதி இருந்தது. அது வேலை செய்ய ஐசொலேஷன் வால்வு திறந்து ஹைட்ராலிக் அழுத்தம் உள்ளே வர வேண்டும். அந்த நேரத்தில் திசை மாற்றும் வால்வு தவறான பக்கம் இருந்தால், மூடுவதற்காக வந்த அழுத்தமே திறந்துவிடும். காப்பாற்ற வைத்த ஏற்பாட்டுக்குள்ளேயே அந்த ஓட்டை இருந்தது.

1991 ஆகஸ்டில் அமெரிக்க விமானப் பாதுகாப்பு அமைப்பான எஃப்.ஏ.ஏ., பி.டபிள்யூ. 4000 என்ஜின் கொண்ட 767-களின் ரிவர்சர்களைச் செயலிழக்கச் செய்ய உத்தரவிட்டது. பிறகு, ஏற்கெனவே இருந்த இரண்டு பூட்டோடு சேராமல் தனியாக வேலை செய்யும் மூன்றாவது பூட்டு வந்தது. கம்பிகளைப் பிரித்து வேறு பாதையில் கொண்டு போகும் இன்றைய சிந்தனைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

சாதாரண_பயணி

நான் விமானத் துறை இல்லை, படிக்கப் பிடிக்கும் என்பதால் இங்கே இருக்கிறேன். ஒரு அடிப்படைக் கேள்வி. பறக்கும்போது ரிவர்சர் திறக்கக் கூடாது என்றால், சக்கரம் தரையைத் தொட்டால்தான் கரண்டே போகும் என்று வைத்துவிட்டால் போதாதா? கம்பி கெட்டால் கரண்ட் நின்றுவிடும், ரிவர்சர் மூடியபடியே இருக்கும். இதில் ஆபத்து எங்கே வருகிறது?

ஹார்னஸ்_செல்வம்

நல்ல கேள்வி. நீங்கள் சொன்ன மாதிரிதான் பெரும்பாலும் இருக்கிறது. தரையிறங்கு சக்கரத்தில் ஸ்குவாட் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. விமானத்தின் எடை சக்கரத்தின் மேல் விழுந்தால் அது "தரை" என்று சொல்லும். அதற்கு அடுத்து, பைலட் ரிவர்ஸ் லீவரைத் தூக்கினால் ஒரு சுவிட்ச். இந்த இரண்டு வாசலையும் தாண்டித்தான் 28 வோல்ட் ரிவர்சர் வால்வை இயக்கும் சாலினாய்டுக்கு (மின்காந்தச் சுருளுக்கு) போகும்.

பிரச்சினை இரண்டு வாசலுக்கும் அப்புறம் இருக்கும் அந்தக் கடைசிக் கம்பியில். வாசலைத் தாண்டிய பிறகு அந்தக் கம்பி பல மீட்டர் தூரம் மற்ற கம்பிகளோடு ஒரே கட்டில் போகிறது என்று வையுங்கள். பக்கத்தில் எப்போதும் 28 வோல்ட் இருக்கும் வேறு ஒரு கம்பி. அதிர்வில் இரண்டும் உராய்ந்து உறை தேய்ந்து ஒன்றையொன்று தொட்டால் என்ன ஆகும்? சுவிட்ச் எதுவும் மூடாமலே சாலினாய்டுக்கு மின்சாரம் போய்விடும். இதை நாங்கள் ஹாட் ஷார்ட் என்போம். கம்பி அறுந்தால் மின்சாரம் நிற்கும், அது பாதுகாப்பான கேடு. ஆனால் கம்பி அறுவதோடு நிற்பதில்லையே. இன்னொன்றைத் தொடவும் செய்யும்.

அதனால்தான் கடைசிக் கம்பியைத் தனியாகப் பிரித்து, தனி உறை போட்டு, வேறு பாதையில் கொண்டு போகிறோம். கனெக்டரில் பின் மாற்றுவதும் இதற்காகத்தான். நிரந்தர 28 வோல்ட் பின்னும் ரிவர்சரைத் திறக்கும் டிப்ளாய் பின்னும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், வளைந்த ஒரு பின்னோ கொஞ்சம் ஈரமோ போதும். சில வடிவமைப்புகளில் சாலினாய்டின் எர்த் பக்கத்தையும் ஒரு ரிலே வழியாகக் கொண்டு போவார்கள். ஒரு பக்கம் தவறாக மின்சாரம் வந்தாலும் மறுபக்கம் திறந்திருக்கும், சாலினாய்டு அசையாது. எங்களுக்கு வந்திருக்கும் கூடுதல் ரிலே இரண்டும் இந்த வேலைக்குத்தான் என்று வரைபடத்தைப் பார்த்தால் புரிகிறது.

இன்று மதியம் இதைத்தான் ஒரு தாளில் வரைந்து தம்பிக்குக் காட்டினேன். "அப்ப கம்பி நல்லா இருக்கா இல்லையாங்கறது கேள்வியே இல்லையா?" என்றான். இல்லை, அது யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

வலது_இருக்கை_ரவி

புரிகிறது. ஆனால் 767-இல் என்ஜின் இறக்கைக்குக் கீழே. ரிவர்ஸ் காற்று இறக்கையின் மேல் பாய்ந்து தூக்குவிசையைக் கெடுத்தது. பிசினஸ் ஜெட்டுக்கு என்ஜின் வாலில். அங்கே திறந்தால் விமானம் ஒரு பக்கம் இழுக்கும், வால் அதிரும், ஆனாலும் சமாளிக்கலாம். பழைய சைட்டேஷன் பிசினஸ் ஜெட்களில் ரிவர்சர் தானாகத் திறந்தால் ஒரு கேபிள் அந்த என்ஜினின் லீவரை ஐடிலுக்கு இழுத்துவிடும். ரிவர்சரை மூடும் எமர்ஜென்சி ஸ்டோ சுவிட்ச் தனியாக இருக்கிறது. சிமுலேட்டரில் இதைப் பயிற்சி செய்கிறோம்.

பழைய_ஹேங்கர்

ரவி, வாலில் என்ஜின், வாளி மாதிரி மூடும் ரிவர்சர், லீவரை ஐடிலுக்கு இழுக்கும் ஏற்பாடு. நீங்கள் சொன்ன மூன்றும் இருந்த ஒரு விமானத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

1996 அக்டோபர் 31, சாவோ பாலோ நகரத்துக்கு நடுவில் இருக்கும் கொங்கோன்யாஸ் விமான நிலையம். டாம் 402, ஃபொக்கர் 100, ரோல்ஸ் ராய்ஸ் டே என்ஜின். சக்கரம் தரையை விட்டு எழும் நேரத்தில் வலது ரிவர்சர் திறந்தது. ஏற்பாட்டின்படி லீவர் தானாக ஐடிலுக்குப் போனது. அதற்குச் சற்று முன்பு, என்ஜின் விசையைத் தானாகக் கட்டுப்படுத்தும் ஆட்டோ திராட்டிலில் கோளாறு அறிகுறி வந்திருந்தது. அதனால் லீவர் பின்னால் போனதை ஆட்டோ திராட்டிலின் வேலை என்று நினைத்து, துணைப் பைலட் அதைப் பிடித்து முன்னால் தள்ளினார். கேபிள் விட்டுப் போனது. ரிவர்சர் திறந்தபடி என்ஜின் முழு விசைக்குப் போய்விட்டது. விமானம் வீடுகளின் மேல் விழுந்தது. விமானத்தில் 95 பேர், தரையில் 4 பேர் இறந்தார்கள்.

ரிவர்சர் திறந்திருக்கிறது என்ற எச்சரிக்கை ஏன் வரவில்லை? டேக் ஆஃப் நேரத்தில் பைலட்டின் கவனம் சிதறக் கூடாது என்று பல எச்சரிக்கைகளை ஒரு உயரம் வரை அடக்கி வைத்திருந்தார்கள். இதுவும் அதில் ஒன்று. அந்தக் கட்டத்தில் ரிவர்சர் திறப்பது நடக்கவே நடக்காது என்று கருதப்பட்டதால் அதற்குப் பயிற்சியும் இல்லை. இரண்டாவது பூட்டைக் கட்டுப்படுத்தும் மின்சுற்றில் ஒரு ரிலே கெட்டிருந்தது. ஒரு சிறு ரிலே.

நூறு கோடி பறப்பு மணி நேரத்துக்கு ஒருமுறைகூட நடக்காது என்று தாளில் நிரூபிப்பார்கள். பூட்டுகள் எல்லாம் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்று எடுத்துக்கொண்டு போடும் கணக்கு அது. மூன்று பூட்டின் கம்பியும் ஒரே கிளாம்ப் வழியாகப் போனால், அந்த கிளாம்ப் இருக்கும் இடத்தில் மூன்று பூட்டு இல்லை, ஒரே பூட்டுதான். வரைபடம் இதைக் காட்டாது. பேனலைத் திறந்து டார்ச் அடித்துப் பார்ப்பவனுக்குத்தான் தெரியும்.

கவிதா_கேமோ

ஐயா எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். நான் ஏர்வொர்த்தினஸ் ஆவணங்கள் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். கெடு பற்றி செல்வம் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சர்வீஸ் புல்லட்டின் என்பது தயாரிப்பாளர் சொல்வது. அதையே எஃப்.ஏ.ஏ.வோ, ஐரோப்பாவின் ஈயாசாவோ, கனடாவின் டிரான்ஸ்போர்ட் கனடாவோ ஏ.டி.யாக வெளியிட்டால் சட்டம். எந்த நாடு அந்த விமானத்தின் வடிவமைப்புக்குப் பொறுப்போ, அந்த நாட்டின் ஏ.டி.யை மற்ற நாடுகள் பின்பற்றுகின்றன. நம் டிஜிசிஏவும் கட்டாய மாற்றங்களை அப்படித்தான் கையாள்கிறது. ஏ.டி. கெடு தாண்டினால் அந்த விமானம் பறக்கத் தகுதியற்றது, அவ்வளவுதான். வேலை நடக்கும் இடத்துக்கு ஒருமுறை பறந்து போக அனுமதி கேட்கலாம். அதே பாதுகாப்பைத் தரும் வேறு வழி இருந்தால் மாற்று முறைக்கும் ஒப்புதல் கேட்கலாம்.

இப்போது உரிமையாளர்கள் வழக்கமாகச் சொல்லும் வாதம்: "இத்தனை மாதம் கெடு கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதுவரை ஆபத்து இல்லை என்றுதானே அர்த்தம்?" இல்லை. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதோடு, உலகம் முழுக்க இருக்கும் விமானங்களுக்கு உதிரிபாகம் கிடைக்க எவ்வளவு நாள் ஆகும், எத்தனை ஹேங்கர்களால் செய்ய முடியும் என்று எல்லாம் சேர்த்துத்தான் கெடு போடுவார்கள். கடைசி மாதத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிட் கேட்டு வரிசையில் நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உங்கள் உரிமையாளரிடம் இதைச் சொல்லுங்கள்: அடுத்த பெரிய இன்ஸ்பெக்‌ஷனுக்கு அந்தப் பேனல்கள் எப்படியும் திறக்கப் போகின்றன. அத்தோடு சேர்த்துச் செய்தால் தனியாக நிறுத்த வேண்டிய நாட்கள் மிச்சம்.

செலட்டார்_மணி

நான் சிங்கப்பூர் செலட்டாரில் பிசினஸ் ஜெட் வேலை செய்கிறேன். இதுவரை எல்லோரும் பேசியது பறக்கும்போது திறந்துவிடும் ஆபத்து. இதற்கு நேர் எதிரான ஒரு விபத்து இருக்கிறது. பிசினஸ் ஜெட் ஆட்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. சாதாரண_பயணி கேட்ட "சக்கரம் தரையைத் தொட்டால்தான்" என்ற ஏற்பாடு அங்கேதான் உயிரை எடுத்தது.

2008 செப்டம்பர் 19, நள்ளிரவுக்குச் சில நிமிடம் முன்பு. அமெரிக்காவின் தென் கரோலினாவில் கொலம்பியா விமான நிலையம். லியர்ஜெட் 60. டேக் ஆஃப் ஓட்டத்தில் டயர்கள் வெடித்தன. காரணம் காற்றழுத்தம் மிகக் குறைவு. அந்த டயர்கள் ஒரு நாளைக்குச் சுமார் 2 சதவீதம் அழுத்தம் இழப்பவை, ஏறக்குறைய மூன்று வாரமாக யாரும் அளந்து பார்க்கவில்லை. வி1 வேகத்தை (அதற்கு மேல் டேக் ஆஃபைக் கைவிடக் கூடாத வேகம்) தாண்டிய பிறகு கேப்டன் டேக் ஆஃபைக் கைவிட்டார். ரிவர்ஸ் லீவரை இழுத்தார்கள், ரிவர்சர் திறந்தது.

இனிமேல்தான் விஷயம். கிழிந்த டயர்த் துண்டுகள் சக்கர அறைக்குள் அடித்து ஸ்குவாட் சுவிட்ச் பக்கத்தைச் சேதப்படுத்தின. விமானம் ரன்வேயில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஆனால் மின்சுற்று "வானத்தில் இருக்கிறோம்" என்று நம்பிவிட்டது. வானத்தில் இருந்தால் ரிவர்சரை மூட வேண்டுமே, மூடிவிட்டது. என்ஜின் கம்ப்யூட்டரும் ரிவர்ஸ் கணக்கிலிருந்து முன்னோக்கிய கணக்குக்கு மாறியது. பைலட்டுகளின் கை ரிவர்ஸ் லீவரை முழுதாக இழுத்துப் பிடித்திருக்கிறது, என்ஜின்களோ விமானத்தை முன்னால் தள்ளுகின்றன. நிறுத்த வேண்டும் என்று எவ்வளவு அதிகமாக இழுத்தார்களோ, அவ்வளவு வேகமாக அது ஓடியது. ரன்வே முடிந்து, நெடுஞ்சாலையைக் கடந்து, மண் மேட்டில் மோதித் தீப்பிடித்தது. இரண்டு பைலட்டுகளும் இரண்டு பயணிகளும் இறந்தார்கள். டிரம் கலைஞர் டிராவிஸ் பார்க்கரும் இன்னொருவரும் தீக்காயங்களோடு வெளியே வந்தார்கள்.

என்னால் ஏற்க முடியாதது இது: ஏழு ஆண்டுக்கு முன், 2001 ஜனவரியில், அலபாமாவின் டிராய் நகரில் இன்னொரு லியர்ஜெட் 60 தரையிறங்கும்போது மான்கள் குறுக்கே வந்து மோதின. அதிலும் ஸ்குவாட் சுவிட்ச் பக்கம் சேதம், அதிலும் ரிவர்சர் மூடிக்கொண்டு முன்னோக்கிய விசை. பைலட்டுகள் படுகாயம் அடைந்தார்கள், ஆனால் உயிர் பிழைத்தார்கள். அந்த ஒரு விபத்தே போதுமான எச்சரிக்கை. மானோ டயரோ, சக்கர அறையில் அடி விழுந்தால் இதுதான் நடக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது. அதன் பிறகும் வடிவமைப்பில் இருந்த குறை சரியாகக் களையப்படவில்லை என்பதை அமெரிக்க விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி. 2010 அறிக்கையில் பங்களித்த காரணமாகவே எழுதியது. முதன்மைக் காரணம் டயர் பராமரிப்பும் வி1-க்குப் பின் கைவிட்டதும் என்று சொன்னார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் லியர்ஜெட்டின் வடிவமைப்பு, அதைச் சரிபார்த்த எஃப்.ஏ.ஏ. இரண்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார்கள்.

இறுதி அறிக்கை வரும் முன்பே, 2009-இல், என்.டி.எஸ்.பி. பரிந்துரை அனுப்பியது. ரிவர்சர் மூடிக்கொண்டால் காக்பிட்டில் லீவரும் அதற்கேற்ற நிலைக்கு வர வேண்டும், புதிதாகக் கட்டும் விமானங்களில் மாற்றம் செய்துவிட்டு ஏற்கெனவே பறப்பவற்றிலும் அதைப் பொருத்த வேண்டும் என்று.

வலது_இருக்கை_ரவி

மணி அண்ணா, இந்த விபத்தை நாங்கள் வகுப்பில் "வி1-க்குப் பிறகு நிறுத்தாதே" என்பதற்கு உதாரணமாகத்தான் படித்தோம். டயர் வெடித்தாலும் மேலே எடுத்துக்கொண்டு போ, பிறகு யோசி என்று. கை இழுப்பதற்கு எதிராக என்ஜின் வேலை செய்தது என்பதை இவ்வளவு அழுத்திச் சொன்ன நினைவு இல்லை. டிராய் விபத்தை இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

டிராய்க்குப் பிறகு பைலட் கையேட்டில் ஏதாவது சேர்த்தார்களா?

செலட்டார்_மணி

சேர்த்தார்கள். திறந்த ரிவர்சர் தானாக மூடிக்கொண்டால் ரிவர்ஸ் லீவரை உடனே ஸ்டோ (மூடிய) நிலைக்குக் கொண்டு வர வேண்டும் என்று. எழுத்தில் படித்தால் சரியாக இருக்கும். ஆனால் இருட்டில், டயர் வெடித்த சத்தத்தில், ரன்வேயின் கடைசி விளக்குகள் நெருங்கும்போது, நிறுத்துவதற்காக இழுத்த லீவரைக் கீழே தள்ள எந்த மனிதனின் கை போகும்? தரையிறங்கும்போது நடந்தால் ஒருவேளை நினைவு வரும். கைவிட்ட டேக் ஆஃபில் நடந்தால்? டேக் ஆஃப் நேரத்துக்கும் அந்தப் பயிற்சி தர வேண்டும் என்று 2009-இல்தான் என்.டி.எஸ்.பி. கேட்டது.

கம்பியிலும் லாஜிக்கிலும் சரிசெய்ய வேண்டியதைக் கையேட்டில் ஒரு பக்கம் சேர்த்துச் சரிசெய்யப் பார்த்தார்கள். நம் வேலைக்கு அர்த்தம் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன், செல்வம். கையேடு, பைலட் நினைவு வைத்திருந்தால்தான் உதவும். நீங்கள் கிரிம்ப் பண்ணும் கம்பிக்கு யாருடைய நினைவும் தேவையில்லை.

சாதாரண_பயணி

நான் சாதாரணமாகக் கேட்ட கேள்விக்கு இப்படி ஒரு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அப்படியானால் எந்தப் பக்கம் சாய்வது? சந்தேகம் வந்தால் மூடு என்றால் தரையில் ஆபத்து. சந்தேகம் வந்தால் திறந்தே வை என்றால் வானத்தில் ஆபத்து.

ஹார்னஸ்_செல்வம்

இரண்டையும் ஒரே சிக்னலிடம் கேட்கக் கூடாது என்பதுதான் எனக்குப் புரிந்த பதில். தரையா வானமா என்று சொல்லும் வழிகள் ஒன்றுக்கு மேல் இருக்க வேண்டும், அந்த வழிகளின் கம்பிகள் ஒரே அடியில் எல்லாம் போகும் இடத்தில் இருக்கக் கூடாது. அதைவிட முக்கியம், ரிவர்சரை மூடுவதும் என்ஜினுக்கு விசை கொடுப்பதும் வேறு வேறு முடிவுகள். சந்தேகம் வந்தால் ரிவர்சர் மூடட்டும், ஆனால் லீவர் ரிவர்ஸ் பக்கம் இருக்கும் வரை என்ஜின் ஐடிலைத் தாண்டக் கூடாது. கொலம்பியாவில் ரிவர்சர் மூடியதோடு நின்றிருந்தால், பிரேக் சேதத்தோடு ரன்வேயைத் தாண்டியிருக்கலாம், ஆனால் அந்த வேகத்தில் போயிருக்காது.

ரவி, உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். பின் போட்டுவிட்டுப் பறப்பது சில நாட்களுக்குச் சரி. நிரந்தரமாக முடியாது. காய்ந்த ரன்வேயில் தரையிறங்கும் கணக்கில் ரிவர்சர் இல்லை என்பது உண்மை. ஆனால் ஈரமான ரன்வேயில் டேக் ஆஃபைக் கைவிடும் தூரத்துக்கு, 1998-இல் வந்த விதித் திருத்தத்துக்குப் பிறகு ரிவர்சரைக் கணக்கில் சேர்க்க வழி உண்டு. அப்படிச் சான்றிதழ் பெற்ற விமானத்தில் பின் போட்டால் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

பழைய_ஹேங்கர்

இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே கொங்கோன்யாஸ் விமான நிலையம், 2007 ஜூலை 17. டாம் 3054, ஏர்பஸ் ஏ320. வலது ரிவர்சர் செயலிழக்கச் செய்யப்பட்டிருந்தது, விதிப்படி அனுமதிக்கப்பட்டதுதான். மழையில் தரையிறங்கும்போது வலது லீவர் ஐடிலுக்கு வராமல் ஏறும் நிலையிலேயே இருந்துவிட்டது. ஒரு என்ஜின் ரிவர்ஸில், இன்னொன்று முன்னோக்கி. ஸ்பாய்லர் எழவில்லை. சாலையைத் தாண்டிக் கட்டடத்தில் மோதியது. 199 பேர். ஒரே ஊரில், பதினொரு ஆண்டுகள் இடைவெளியில், ஒன்றில் ரிவர்சர் திறந்ததால், மற்றொன்றில் ரிவர்சர் பின் போடப்பட்டிருந்த குழப்பத்தில். செயலிழந்த சாதனம் பைலட்டின் பழக்கத்தை மாற்றுகிறது. பின் போடுவது ஆபத்தை நீக்கவில்லை, ஹேங்கரிலிருந்து காக்பிட்டுக்குத் தூக்கிக் கொடுக்கிறது.

சரி, ரவி முதலில் சொன்ன அந்தக் கடைசி வரி. ஹார்னஸைக் கலைத்தால் புதுத் தவறு நுழையும் என்பது. நானே செய்திருக்கிறேன் தம்பி. பல வருடம் முன்பு ஒரு விமானத்தில், ரிவர்சர் இல்லை, வேறு ஒரு சிஸ்டத்தின் மாற்றம். இரவு ஷிப்டில் இரண்டு கம்பிகளை மாற்றிச் சொருகிவிட்டேன். இரண்டுக்கும் ஒரே அளவு, எண்ணில் கடைசி எழுத்து மட்டும் வேறு. கன்டினியூட்டி (கம்பி இணைப்பு) பார்த்தபோது நான் எழுதி வைத்த தவறான அட்டவணையை வைத்தே பார்த்தேன், அதனால் சரியென்று வந்தது. காலையில் வேறு ஒருவர் அசல் வரைபடத்தை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். எந்தத் தீங்கும் நடக்கவில்லை. ஆனால் அந்தக் காலை என் வயிறு கலங்கியது இன்றும் நினைவிருக்கிறது. அன்றிலிருந்து நான் செய்த வேலையை நானே கடைசியாகச் சரிபார்ப்பதில்லை. இரண்டாவது ஆள், அசல் வரைபடம், பகல் வெளிச்சம். இந்த மூன்றும் இல்லாமல் ரிவர்சர் ஹார்னஸில் கை வைக்காதீர்கள்.

இன்னும் சில. துளை போட்டால் உலோகத் தூள் ஹார்னஸ் மேல் விழாமல் மூடி வையுங்கள், வேக்யூம் பிடியுங்கள். பழைய பாலிஇமைடு உறைக் கம்பியாக இருந்தால் கூடுதல் கவனம். அது கீறல் விழுந்து மின்பொறி பாய்ந்தால் கரியாகி, அந்தக் கரியே மின்சாரம் கடத்தும். கிளாம்ப் ரப்பர் கெட்டிப்பட்டிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள்.

கவிதா_கேமோ

ஐயா சொன்ன வயரிங் கவனத்துக்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. 1996-இல் டி.டபிள்யூ.ஏ. 800, 1998-இல் ஸ்விஸ்ஏர் 111, இரண்டு விமான விபத்துகளும் சேர்ந்து 459 உயிர்கள். இரண்டிலும் விசாரணை வயரிங்கில் வந்து நின்றது. அதற்குப் பிறகுதான் 2007-இல் எஃப்.ஏ.ஏ., வயரிங்கைத் தனி ஒரு சிஸ்டமாகவே பார்க்க வேண்டும் என்று ஈ.டபிள்யூ.ஐ.எஸ். விதிகளைக் கொண்டு வந்தது. அதுவரை கம்பி என்பது மற்ற சிஸ்டங்களை இணைக்கும் பொருள், அவ்வளவுதான். எந்தக் கம்பி எந்தக் கம்பியிலிருந்து விலகி இருக்க வேண்டும் என்பதே இப்போது விதி.

செல்வம், ஒன்றைப் பாருங்கள். பிசினஸ் ஜெட்களில் முன்னால் இருந்த உரிமையாளர்கள் வைஃபை, சாட்டிலைட் போன், கேபின் திரை என்று எஸ்.டி.சி. (பிறகு செய்யும் மாற்றத்துக்கான ஒப்புதல்) வழியாக எதையாவது சேர்த்திருப்பார்கள். புது ரிவர்சர் பாதையிலேயே அந்த எஸ்.டி.சி. கம்பி போகிறதா என்று ஏ.டி. எழுதியவருக்குத் தெரியாது. உங்கள் விமானத்தில் மட்டும் இருக்கும் விஷயம் அது. அப்படி இருந்தால் நீங்களாகப் பாதையை மாற்றாதீர்கள், தயாரிப்பாளரிடம் எழுதிக் கேளுங்கள். ஏ.டி.யில் சொன்னதிலிருந்து விலகினால் மாற்று முறைக்கு ஒப்புதல் தேவைப்படும்.

ஹார்னஸ்_செல்வம்

கவிதா அக்கா, நீங்கள் எழுதியது வேலைக்கு வந்தது. வால் பகுதியில் பழைய எஸ்.டி.சி. ஒன்றின் பவர் கம்பி, புது டிப்ளாய் கம்பி போக வேண்டிய பாதைக்குப் பக்கத்திலேயே கட்டப்பட்டிருந்தது. தயாரிப்பாளருக்குப் படத்தோடு எழுதினோம். பதில் வர ஆறு நாள் ஆனது. உரிமையாளர் தரப்புக்குக் கோபம்தான். கொலம்பியா, டிராய் இரண்டையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு தேதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

எடுத்த பழைய கம்பிகளை மேசையில் பரப்பிப் பார்த்தோம். தேய்மானம் எங்கும் இல்லை. மெக்கர் ரீடிங்கும் நன்றாகவே இருந்தது. தம்பி சொன்னது சரிதான், கம்பி நல்ல கம்பி. ஒரே ஒரு இடத்தில், பைலன் கிளாம்புக்குள், டிப்ளாய் கம்பியும் நிரந்தர 28 வோல்ட் கம்பியும் ஒட்டிப் படுத்திருந்த தடம் இரண்டின் உறையிலும் தெரிந்தது. தேயவில்லை, அழுந்திய தடம் மட்டும். அந்தத் துண்டைத் தம்பி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டான்.

பின் மாற்றத்தை நான் செய்தேன், அவன் அசல் வரைபடத்தை வைத்து ஒவ்வொன்றாகப் படித்தான். மறுநாள் காலை வெளி ஆள் ஒருவர் முழுதாகச் சரிபார்த்தார். ஃபங்ஷனல் டெஸ்டில் இடது ஸ்குவாட் சுவிட்ச் சிக்னலைத் துண்டித்து லீவரைத் தூக்கினோம், ரிவர்சர் அசையவில்லை. வலதும் அப்படியே. பிறகு ரிவர்சரைத் திறந்து வைத்து, அந்த நிலையில் சிக்னலைத் துண்டித்தோம். மூடியது. அன்லாக் விளக்கு எரிந்து அணைந்தது. ரவி கேட்பார் என்று குறித்து வைத்தேன்: மூடும்போது காக்பிட்டில் லீவரைப் பிடித்திருந்த கைக்கு எதுவும் தெரியவில்லை, விளக்கைப் பார்த்தால்தான் தெரிகிறது. என்ஜின் ஓட்டும் சோதனை வியாழக்கிழமை. அதில் என்ஜின் ஐடிலிலேயே நிற்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுகிறேன்.